சுருதிப் பெட்டி: பதினொரு பாட்டு உள்ள தட்டு

போன இதழின் கடைசிப் பத்தியில், ‘பேர்ட்ஸ்’ என்ற அமெரிக்க இசைக்குழுவின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தட்டை ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுவருகிறேன் என்று எழுதியிருந்தேன். போகிற போக்கில் சொன்னது. அதற்கு வந்த கடிதங்களே ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. ஆகவே ராகம், கமகம், சாதகம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த மாதம் முழுப் பகுதியையும் அந்த ஒரு தட்டுக்கே தருகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாக: பேர்ட்ஸ் 1964-இல் லாஸ் ஏஞ்சலிஸில் சேர்ந்த ஐவர் குழு. நாட்டார் பாட்டுகளையும் அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர் பாப் டிலனின் பாட்டுகளையும் எடுத்து, மின்கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து, மூன்று நான்கு குரல் ஒத்திசையப் பாடினார்கள். ‘ஃபோக் ராக்’ என்ற பெயர் 1965-இல் பரவியதற்கு இவர்களுடைய பாட்டுதான் முக்கியக் காரணம். அவர்களுடைய பிரபலப் பாட்டுகளின் தொகுப்பான இந்தத் தட்டைக் கொலம்பியா நிறுவனம் 1967 ஆகஸ்ட் 7 அன்று வெளியிட்டது. அதற்குமுன் வந்த நான்கு ஆல்பங்களிலிருந்து பதினொரு பாட்டு. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஆறாவது இடம்வரை ஏறியது.

என் மகன் இசைத்தட்டு சேகரிக்கிறான். ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் வாங்குவது சோம்பேறி ரசிகர் செய்கிற வேலை, ஆல்பம் எப்படி வந்ததோ அப்படியே கேட்க வேண்டும்’ என்கிறான். நீங்களோ ஒரு தொகுப்பைக் கொண்டாடுகிறீர்கள். யார் சொல்வது சரி?
— வாசகி, ஈசூன்

உங்கள் மகன் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆல்பத்தை முழுதாகக் கேட்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தொகுத்ததெல்லாம் சோம்பேறிக்கு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்ல 1971-க்குப் போக வேண்டும்.

அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிளார்க். குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அந்த வருஷம்தான் பிரிட்டிஷ் படை சிங்கப்பூரைவிட்டுப் போனது. துரை வீடுகளில் எல்லாம் சாமான் கட்டினார்கள். கப்பலில் ஏற்ற முடியாததைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே ஒரு ரெக்கார்டு பிளேயர், பத்துப் பன்னிரண்டு தட்டு. பாதிக்கு மேல் ராணுவ பேண்டு வாத்தியம். எல்லாவற்றுக்கும் அடியில் இந்தத் தட்டு. எனக்கு அப்போது 13 வயது, வீணையில் வர்ணம் பாடமாகிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு 18.

பிளேயரின் ஊசி தட்டில் நிற்காமல் வழுக்கும். அண்ணன் ஓர் ஐந்து காசு நாணயத்தை ஊசிக்கையின் தலையில் டேப் போட்டு ஒட்டினார். 1967-இல் வந்த ஐந்து காசு, பறவை பொறித்தது. ஒட்டிய பிறகு ஊசி வழுக்கவில்லை. தட்டு சுற்றும்; அந்தப் பறவை மட்டும் ஆடாமல் மேலே நிற்கும்; கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கி நகரும். பாட்டு முடியும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேறு நல்ல தட்டு எங்களிடம் கிடையாது. வருஷக்கணக்கில் இந்தப் பதினொரு பாட்டையும் இதே வரிசையில் கேட்டோம். ஒரு பாட்டு அடங்கும்போதே அடுத்த பாட்டின் முதல் ஸ்வரம் மனசுக்குள் எழுந்துவிடும். அந்த வரிசைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்பதை வயது வந்த பிறகுதான் கவனித்தேன்.

முதல் பக்கத்தில் ஆறு பாட்டு. ஆறும் 1965-ஆம் வருஷத்தவை. அவற்றில் ஐந்து மற்றவர்கள் எழுதியவை: மூன்று பாப் டிலனுடையவை, இரண்டு நாட்டார் இசைப் பாடகர் பீட் சீகர் மெட்டமைத்தவை. ஒன்றே ஒன்றுதான் குழுவில் இருந்த ஜீன் கிளார்க் எழுதியது. அந்தப் பக்கம் முடிந்து, எழுந்து போய், தட்டைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டாம் பக்கம் ‘எய்ட் மைல்ஸ் ஹை’ பாட்டின் பாஸ் கிட்டாரில் தொடங்குகிறது. அங்கே 1966. அந்தப் பக்கத்தின் ஐந்து பாட்டில் நான்கு அவர்களே எழுதியவை. கடைசிப் பாட்டு மறுபடியும் டிலனுடையது, பழைய பிடிவாதங்களைத் திரும்பிப் பார்க்கிற ‘மை பேக் பேஜஸ்’.

அடுத்தவர் சொல்லை வாங்கிப் பாடிய பிள்ளைகள் இரண்டே வருஷத்தில் தங்கள் சொல்லைக் கண்டுபிடித்து, பிறகு தொடங்கிய இடத்துக்கே வேறு ஆளாகத் திரும்பி வருகிறார்கள். இந்தக் கதை நான்கு ஆல்பங்களில் எந்த ஒன்றிலும் இல்லை. தொகுப்பில் மட்டும்தான் இருக்கிறது. நடுவில் தட்டைத் திருப்புகிற அந்த அரை நிமிஷ மௌனம்கூட அந்தக் கதையில் சேர்த்திதான்.

அதுவுமில்லாமல், தொகுப்பைத் தமிழர் நாம் எளிதாக எண்ணலாமா? சங்கப் பாட்டு நம் கைக்கு வந்ததே தொகையாகத்தான். அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் நானூறு பாட்டையும் கைக்கு வந்தபடி அடுக்கவில்லை. ஒற்றைப்படை எண்ணில் வருவதெல்லாம் பாலை. 2, 8 என்று முடிவது குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்து பத்தாக வருவது நெய்தல். வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒரு குறிஞ்சியிலிருந்து ஒரு முல்லைக்குப் போக வேண்டுமானால் நடுவில் ஒரு பாலையைக் கடந்தே ஆக வேண்டும். சேர்கிற இடம் எதுவானாலும் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும் என்று, தான் ஒரு வரிகூட எழுதாமலே, அடுக்கிய விதத்தாலேயே சொல்லிவிட்டார். தொகுப்பவரும் ஒரு கலைஞர் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் இந்தத் தட்டில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முதல் ஆல்பத்திலிருந்து ஐந்து பாட்டு எடுத்தவர்கள் இரண்டாவது ஆல்பத்திலிருந்து ஒன்றே ஒன்றுதான் எடுத்தார்கள். அதுவும் சீகருடையது. அந்த ஆல்பத்தில்தான் ஜீன் கிளார்க்கின் ‘செட் யூ ஃப்ரீ திஸ் டைம்’ இருக்கிறது. உறவு முறிந்ததை அத்தனை பொறுமையாக, ஒரு கசப்பும் இல்லாமல் சொல்கிற பாட்டு அவர்களிடம் வேறு இல்லை. தனித்தட்டாக வந்தபோது அது விற்கவில்லை, விற்காதது ‘ஹிட்’ ஆகாது, ஆகவே சேரவில்லை. தொகுப்பை மட்டும் கேட்பவருக்குக் கிளார்க் எவ்வளவு பெரிய பாட்டாசிரியர் என்பது தெரியாமலே போகும். அங்கே உங்கள் மகன் பக்கம்தான் நியாயம். தொகுப்பைக் கலைக்காமல், ஷஃபிளில் போடாமல், வரிசையாக ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். பிறகு அவர் இரண்டாவது ஆல்பத்தை எடுக்கட்டும்.

‘எய்ட் மைல்ஸ் ஹை’ பாட்டில் ரவிசங்கரின் தாக்கம் உண்டாம். அதை ‘ராகா ராக்’ என்கிறார்கள். வீணைக்காரரான நீங்கள் சொல்லுங்கள், அது என்ன ராகம்?
— வாசகர், தோ பாயோ

ராகம் இல்லை. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி.

1965 நவம்பரில் இவர்கள் பேருந்தில் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனபோது, ரவிசங்கரின் சிதாரையும் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸஃபோனையும் ஒரே நாடாவில் பதிந்து வைத்துக்கொண்டு வழியெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்தக் காது பாட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் பாட்டில் ஓரிடத்தில்கூட சிதார் இல்லை. கேட்பது குழுவின் கிட்டார்காரரும் பாடகருமான மக்வின் வாசித்த பன்னிரண்டு கம்பி மின்கிட்டார். தொடக்கத்தில் பாய்ந்து வருகிற அந்த நான்கு ஸ்வரம் கோல்ட்ரேனிடமிருந்து எடுத்தது. கோல்ட்ரேன் அந்த உருப்படிக்கு வைத்த பெயர் ‘இந்தியா’. ஆக, நம் சங்கீதம் நியூயார்க்கில் ஒரு சாக்ஸஃபோன் வழியாகப் போய், கலிபோர்னியாவில் ஒரு கிட்டாருக்கு வந்து, பிரிட்டிஷ் கடற்படை வீட்டுப் பெட்டியில் செம்பவாங்குக்கு வந்து சேர்ந்தது.

ஸ்வரக் கணக்கைப் பார்ப்போம். பாட்டு நிற்கிற ‘ஈ’ (E) ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும் கிடைக்கின்றன. தைவதம்தான் சுவாரஸ்யம். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஏறும் இடத்தில் சதுஸ்ருதி தைவதம் வருகிறது. இறங்கிய பிறகு சுத்த தைவதம் வருகிறது. இதைப் படித்ததும் சாதகம் செய்கிற பிள்ளைகள் ‘பைரவி!’ என்று எழுந்து நிற்பீர்கள். உட்காருங்கள். பைரவிக்கு இரண்டு தைவதம் இருந்தால் மட்டும் போதுமா? அந்தக் காந்தாரத்துக்கு உரிய அசைவு எங்கே, ரிஷபத்தில் ஊன்றி நிற்கிற இடம் எங்கே? ஸ்வரப் பட்டியல் ஒத்துப்போவதால் ராகம் ஆகிவிடாது. உப்பு புளி ஒன்றாக இருப்பதால் ரசமும் குழம்பும் ஒன்றாகுமா?

இந்தியச் சாயலை அவர்களிடம் இன்னும் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், அதே தனித்தட்டின் மறுபக்கத்தில் இருந்த ‘வை’ என்ற பாட்டைத் தேடிக் கேளுங்கள். தொகுப்பில் அது இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1965 ஆகஸ்டில் லண்டனுக்குப் பறந்த பயணத்தைப் பற்றிய பாட்டு இது. விமானம் ஆறு மைல் உயரத்தில்தான் பறக்கும். ‘எட்டு’ என்பது காதுக்கு நன்றாக இருக்கிறது என்று மாற்றினார்கள். ‘ஹை’ என்ற சொல்லை வைத்துப் போதைப் பாட்டு என்று 1966-இல் ஒரு வானொலித் தொழில் பத்திரிகை எழுத, நிலையங்கள் ஒதுக்கின; பாட்டு 14-ஆவது இடத்தோடு நின்றுவிட்டது. அதை எழுதியவர்களில் முதன்மையானவர் ஜீன் கிளார்க். விமானத்தில் ஏறவே அஞ்சியவர். பாட்டு வெளியான அதே சமயத்தில் அந்த அச்சத்தாலும் மனச்சோர்வாலும் குழுவைவிட்டுப் போய்விட்டார். அந்த உயரத்தின் குளிரை அவர் எழுதியிருக்கும் விதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவரை நினைத்து மனசு கனத்துப்போகும்.

பதினொன்றில் ஆறு பாட்டு மற்றவர்களுடையது என்றால், இவர்களைப் புகழ என்ன இருக்கிறது? முதல் பாட்டில் வாத்தியம்கூடக் கூலிக்கு வந்தவர்கள் வாசித்தது என்று படித்தேன்.
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

படித்தது சரிதான். 1965 ஜனவரி 20 அன்று ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பதிவானபோது குழுவில் கிட்டார் வாசித்தவர் மக்வின் ஒருவர்தான். டிரம்ஸும் பாஸும் மற்றவையும் லாஸ் ஏஞ்சலிஸின் தேர்ந்த பதிவுக்கூடக் கலைஞர்கள் வாசித்தார்கள். பாடியவர்கள் மக்வின், கிளார்க், டேவிட் கிராஸ்பி. புதுப் பிள்ளைகளை நம்பி நிறுவனம் காசைப் போட அஞ்சிய காலம் அது. பிறகு வந்த பாட்டுகளை அவர்களே வாசித்தார்கள்.

மற்றவர் பாட்டு என்பதைப் பொறுத்தவரை, ஒரு கர்நாடகக் கச்சேரியை நினைத்துப் பாருங்கள். இரண்டரை மணி நேரம் பாடுகிறவர் எத்தனை பாட்டு சொந்தமாக எழுதியிருப்பார்? தியாகராஜரையும் தீட்சிதரையும் பாடுகிறார் என்று யாராவது அவரைக் குறைத்துப் பேசுவோமா? பாட்டை என்ன செய்தார் என்றுதான் கேட்போம். டிலனின் பாட்டில் நான்கு சரணம், ஐந்தரை நிமிஷம். இவர்கள் ஒரு சரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு எண்ணிக்கையில் நடந்த பாட்டை நான்குக்கு மாற்றி, முன்னால் ஐரோப்பியச் செவ்வியல் இசையமைப்பாளர் பாஹ் சாயலில் ஒரு கிட்டார் வரியை வைத்து, இரண்டரை நிமிஷத்துக்குள் முடித்தார்கள். ஒரு கிருதியின் காலப்பிரமாணத்தை மாற்றிப் பாடிப் பாருங்கள், அது எத்தனை பெரிய காரியம் என்று தெரியும். அந்த வருஷம் ஜூன் மாதம் அது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது.

‘டர்ன் டர்ன் டர்ன்’ இன்னும் பழையது. பைபிளில் பிரசங்கியின் மூன்றாம் அதிகாரத்தைச் சீகர் 1950-களின் கடைசியில் மெட்டமைத்தார். திரும்பத் திரும்ப வரும் அந்தச் சொல்லும் சமாதானத்தைப் பற்றிய கடைசி வரியும்தான் அவர் சேர்த்தவை. 1965 டிசம்பரில் அதுவும் முதலிடம்.

ஆனால் என் மனசுக்கு நெருக்கமானது மூன்றாவது பாட்டு, ‘தி பெல்ஸ் ஆஃப் ரம்னி’. இட்ரிஸ் டேவிஸ் என்ற வேல்ஸ் கவிஞர் எழுதியது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 1926 வேலைநிறுத்தத்தில் இருந்தவர். ஊருக்கு ஊர் மணிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுபோல் எழுதியிருப்பார். ஒரு மணி கேட்கிறது, இன்னொன்று பதில் சொல்கிறது. நடுவில் சுரங்கக்காரர்களின் துயரம். மக்வினின் பன்னிரண்டு கம்பி அங்கே உண்மையாகவே மணியாக ஒலிக்கும். அப்பாவுக்கு இந்தத் தட்டில் எதுவும் பிடிக்காது. வேலை முடிந்து வந்தால் சீர்காழி பாட்டு வேண்டும். ஒருநாள் அண்ணன் இந்தப் பாட்டின் பொருளைச் சொன்னார். அப்பா தொழிற்சங்கத்தில் இருந்தவர். சட்டையைக் கழற்றப் போனவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, ‘மறுபடி போடு’ என்றார். எங்கள் தட்டில் அந்த மூன்றாவது பாட்டு மட்டும் மற்றவற்றைவிட அதிகம் தேய்ந்திருக்கிறது.

1980-களில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் இவர்களுடைய ஒலிநாடா வாங்கினேன். அதில் இருபது பாட்டு. நீங்கள் பதினொன்று என்கிறீர்கள். மருமகன் வாங்கித் தந்த சிடியில் பதினான்கு. எது அசல்?
— வாசகர், அங் மோ கியோ

பதினொன்றுதான் 1967-இல் வந்தது. சிடியில் இருக்கும் கூடுதல் மூன்றும் 1999 மறுபதிப்பில் சேர்த்தவை. மேலே நான் வருந்திய ‘செட் யூ ஃப்ரீ திஸ் டைம்’ அதில் ஒன்று, கடைசியில் வந்து சேர்ந்ததே என்று எனக்கு நிறைவு. உங்கள் ஒலிநாடா, மன்னிக்க வேண்டும், திருட்டுப் பதிவாகத்தான் இருக்கும். 1987-இல் பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை அப்படிப்பட்ட நாடாக்கள் இங்கே தெருவெல்லாம் விற்றன, நாங்களும் வாங்கியிருக்கிறோம். தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பாட்டுகள் நாடாவின் நீளத்துக்குத் தக்கபடி அடுக்கப்பட்டிருக்கும், வேறு யோசனை இருக்காது.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பாட்டுக் கேட்டால், முடி வளர்த்தால், என்ன பாடுபட்டோம் என்பது எனக்குத் தெரியும். உங்கள் அண்ணனுக்கு ஏதும் நேர்ந்ததா?
— வாசகர், பிடோக், 72 வயது

நேர்ந்தது. ‘நீள முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை’ என்ற சுவரொட்டி உங்களுக்கு நினைவிருக்கும். நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால், காதை மூடினால், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் நீள முடி என்று படம் போட்டே காட்டியிருப்பார்கள். 1974-இல் அண்ணன் தேசிய சேவையை முடித்துவிட்டு, தட்டின் உறையில் இருக்கிற கிராஸ்பி மாதிரி முடி வளர்த்திருந்தார். ஒரு விண்ணப்பம் கொடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனார். காலை ஒன்பது மணிக்கு முதல் ஆளாக நின்றவரை, பின்னால் வந்த அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு, பன்னிரண்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். திட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

வீட்டுக்கு வந்தார். அம்மா மோர் கொடுத்தார். குடித்துவிட்டு இரண்டாம் பக்கத்தைப் போட்டார். நான்காவது பாட்டு ‘ஸோ யூ வான்ட் டு பி எ ராக் அண்ட் ரோல் ஸ்டார்’. அதில் ஒரு ரசிகர் கூச்சல் கேட்குமே, அது இங்கிலாந்தில் போர்ன்மத் ஊரில் நடந்த அவர்களுடைய சொந்தக் கச்சேரியில் 1965-இல் பதிந்தது. மேலே ட்ரம்பெட் வாசிப்பவர் தென்னாப்பிரிக்காவின் ஹியூ மசகேலா. அந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டே அண்ணன் கண்ணாடி முன்னால் போய் நின்றார். மறுநாள் தேக்காவில் முடியை வெட்டிக்கொண்டு வந்தார். தட்டை மட்டும் விடவில்லை.

மக்வினின் பெயர் சில இடத்தில் ஜிம், சில இடத்தில் ரோஜர். அண்ணன் தம்பியா?
— வாசகி, புக்கிட் பாத்தோக்

ஒரே ஆள்தான். பெற்றோர் வைத்த பெயர் ஜேம்ஸ், கூப்பிடுவது ஜிம். 1965-இல் சுபுத் என்ற ஆன்மிக இயக்கத்தில் சேர்ந்தார். அது நம் பக்கத்து ஜாவாவில் முகமது சுபூ தொடங்கியது. பெயரை மாற்றிக்கொள்ள விரும்பியபோது இந்தோனேசியாவிலிருந்து ‘ஆர்’ என்ற எழுத்து வந்தது. அதில் தொடங்கும் பத்துப் பெயர்களை எழுதி அனுப்பச் சொன்னார்கள். அவற்றிலிருந்து ரோஜர் வந்தது. 1967-இல், அதாவது இந்தத் தட்டு வந்த வருஷத்தில்தான், மாற்றிக்கொண்டார்.

அதே வருஷம் அக்டோபரில் கிராஸ்பியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். சில வாரத்தில் டிரம்ஸ் வாசித்த மைக்கேல் கிளார்க்கும் போனார். இந்தத் தட்டில் நாம் கேட்கிற குழு, தட்டு வந்து ஆறு மாதத்துக்குள் இல்லாமல் போய்விட்டது.

எனக்கு 15 வயது, கிட்டார் கற்கிறேன். அந்த ‘ஜிங் ஜிங்’ ஒலி என் கிட்டாரில் வரவே இல்லை. என்ன செய்ய?
— மாணவர், பொங்கோல்

உன் கிட்டாரில் ஆறு கம்பி. மக்வினின் ரிக்கன்பேக்கர் கிட்டாரில் ஆறு ஜோடி. மேல் ஸ்தாயி ஜோடி இரண்டிலும், ஒரு ஜோடியின் இரு கம்பியும் ஒரே ஸ்வரத்தில் இருக்கும். மற்ற நான்கு ஜோடியிலும் ஒரு கம்பி மந்தரம் என்றால் பக்கத்துக் கம்பி அதற்கு ஒரு ஸ்தாயி மேலே. ஒரு தடவை மீட்டினால் கீழும் மேலும் சேர்ந்து எழும். வீணையில் சாரணியை மீட்டும்போது பக்கத் தந்திகளும் சேர்ந்தால் அறை நிறையுமே, அந்த நிறைவுதான். 1964-இல் பீட்டில்ஸ் நடித்த படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் அந்த வாத்தியத்தைப் பார்த்துத்தான் மக்வினுக்கு ஆசை வந்தது. பிறகு ஹாரிசனே ரம்னி பாட்டின் கிட்டார் வரியைக் கேட்டு ஒரு பாட்டு போட்டார்.

இரண்டாவது, பதிவுக்கூடத்தில், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் கருவி வழியாக அந்த ஒலியை இறுக்கினார்கள். அதனால் மீட்டிய ஸ்வரம் சட்டென்று தேயாமல் நீண்டு நிற்கும். மூன்றாவது, விரல். மக்வின் சிகாகோவில் நாட்டார் இசைப் பள்ளியில் பாஞ்சோ பழகியவர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பிக், அடுத்த இரண்டு விரலிலும் உலோக நகம். மூன்றும் மாறி மாறி ஓடும்.

வாத்தியம் வாங்க அப்பாவைத் தொல்லை செய்யாதே, விலை அதிகம். இருக்கிற கிட்டாரில் அந்த மூன்று விரல் ஓட்டத்தை முதலில் மெதுவாகப் பழகு. தினம் இருபது நிமிஷம், சுருதி சரியாகச் சேர்த்த பிறகு. மூன்று மாதம் கழித்து எனக்கு எழுது.

அப்பா விட்டுப்போன எல்.பி. தட்டுகள் அலமாரியில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. காப்பாற்ற முடியுமா?
— வாசகி, உட்லண்ட்ஸ்

முடியும். நம் ஊர் ஈரத்தில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். முதலில் தட்டை உள்ளுறையிலிருந்து எடுத்து, அந்தக் காகித உள்ளுறையை எறிந்துவிடுங்கள், பூஞ்சணம் அதில்தான் குடியிருக்கும். நடுவில் ஒட்டியிருக்கும் காகித லேபிள் நனையாமல் பார்த்துக்கொண்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் கோடு போகிற திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும்.

கடைகளில் விற்கும் சில திரவங்களில் ஆல்கஹால் இருக்கும். அப்பாவின் பெட்டியில் கனமான, 78 வேகத்தில் சுற்றுகிற பழைய தட்டுகள் இருந்தால் அவற்றில் அதைத் தொடவே விடாதீர்கள், அரக்கு கரைந்து பாட்டு போய்விடும். கழுவியதைப் புது உள்ளுறையில் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். சன்னல் பக்கச் சுவரில் வேண்டாம். அண்ணனின் தட்டு இப்போது என் வீட்டில், வீணைப் பெட்டிக்குப் பக்கத்தில் அப்படித்தான் நிற்கிறது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறபோது போடுகிறோம்.